கொலைகாரியிடம் நமக்கு ஏன் இரக்கம்?

துப்பறியும் கதை படிக்கிறவர்களிடம் ஒரு விசித்திர குணம் உண்டு. கதையில் ஒரு புருஷன் கொலை செய்தால், அவன் எப்போது அகப்படுவான் என்று ஆவலோடு பக்கங்களைப் புரட்டுகிறோம். ஒரு ஸ்திரீ கொலை செய்தாலோ, அதிலும் செத்தவன் சாகத் தகுந்தவனாய் இருந்துவிட்டாலோ, இன்ஸ்பெக்டருடைய வண்டி நடுவழியில் நின்று தொலையாதா என்று ஏங்குகிறோம். வரியை நாள் தவறாமல் கட்டுகிறவர்களும், அண்டை வீட்டுக் கோழி நம் முற்றத்தில் இட்ட முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்களுமான சாதுக்களுக்கு இந்தப் பாரபட்சம் எங்கிருந்து வந்தது?

இதைக் கேட்க ஆரணிச் சீமைக்காரராகிய நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டென்றே நினைக்கிறோம். தமிழில் துப்பறியும் நாவலை வீட்டுக்கு வீடு புகுத்திய முன்னோடிகளில் ஒருவர் ஆரணி குப்புசாமி முதலியார். ‘ஆநந்தபோதினி’யின் ஆசிரியராயிருந்து, ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளுக்குத் தமிழ் உடை உடுத்தி, நம் பாட்டிமாரின் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர். பட்டுக்கும் பச்சரிசிக்கும் பேர் போன ஊர், கொலைக் கதைக்கும் ஒரு பெரியவரைத் தந்திருக்கிறது. இதை ஊர்க்காரர்களே அதிகமாகச் சொல்லிக் கொள்வதில்லை.

ரெயினால்ட்ஸைச் சொன்னதும் நம் நண்பர்களில் சிலர், “அதுதான் பாருங்கள், இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. கணவனைக் கொன்றவளுக்குக் கண்ணீர் விடுவது நம் மரபா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைத் திருமலைக்கு அழைத்துச் சென்று, குன்றின் அடியில் உட்கார வைத்துக் கதை சொல்வது நம் வழக்கம்.

திருமலை சமணர்களின் பழம்பெரும் தலம். ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரால் அங்கே ஜினாலயம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதர் இருக்கிறார். அவருடைய யக்ஷியாகிய தருமதேவியும் சிங்கத்தோடு இருக்கிறாள். முனிவருக்கு அன்னமிட்ட குற்றத்துக்காகக் கணவனால் விரட்டப்பட்டு, அவன் துரத்தி வருவதாக அஞ்சி உயிரை விட்டவள் அவள் என்பது புராணம். பிற்பாடு அந்தக் கணவன் சிங்கமாய்ப் பிறந்து அவளுக்கு வாகனமானான். செத்த பிறகு கிடைத்த நியாயம்!

சாகாமலே நியாயத்தைத் தேடிக்கொண்டவள் வேறொருத்தி. அவள் பெயரால் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்று வழங்குகிறது. அதுதான் நாதகுத்தனாரின் குண்டலகேசி. பௌத்த நூலாகிய அதில் இன்று நமக்கு எஞ்சியிருப்பவை 19 பாடல்களே. கதையை நமக்குக் காப்பாற்றித் தந்தது, அதை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரைதான். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி 1936-ல் அந்த நூலை உரையோடு பதிப்பித்தார். எதிர்க்கட்சிக்காரன் வாதத்தைப் பத்திரமாய் எழுதி வைத்த பெருந்தன்மையை இக்காலத்து மேடைப் பேச்சாளர்கள் கவனிக்க வேண்டும்.

கதை எளியது. பத்திரை என்னும் வணிகர் குலப் பெண், கொலைக் களத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு கள்வனைக் கண்டு மையல் கொள்கிறாள். தகப்பன் அவனை மீட்டு மணம் முடிக்கிறான். பாலி மொழிக் கதையில், அவளுடைய நகைகளுக்கு ஆசைப்பட்டு அவன் அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். தமிழ் மரபில், ஊடலின்போது “நீ கள்வன் அன்றோ” என்று அவள் சொன்ன ஒரு சொல்லே காரணம். உச்சியில் நின்று, “உன்னைக் கொல்லப் போகிறேன்” என்கிறான். அவள் அழவில்லை. சாகுமுன் கணவனை வலம் வர வேண்டும் என்று அநுமதி கேட்கிறாள். பதிவிரதையின் கடமையன்றோ? அவனும் நிற்கிறான். வலம் வந்தவள் பின்புறம் வந்ததும் ஒரே தள்ளு. பிறகு துறவு பூண்டு, ஊர் ஊராய் நாவற் கிளையை நட்டு வாதுக்கு அழைத்து, இறுதியில் புத்தர் நெறியை அடைகிறாள். பாலிக் கதையிலே மலைத் தேவதையே அவள் புத்தியை மெச்சுகிறது. கொலைகாரியைப் போலீஸ் தேடவில்லை; காவியம் தேடி வந்தது.

இக்கதையை 1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் மு. கருணாநிதியின் வசனத்தில் ‘மந்திரி குமாரி’யாகப் படம் பிடித்தார்கள். மாதுரி தேவி வில்லனை மலையுச்சியிலிருந்து தள்ளும் கட்டம் இன்றும் பேசப்படுகிறது.

வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது, பின் வரிசையில் என்றும் வாய் திறவாத ஒரு பெண் எழுந்து, “ஐயா, அவள் தள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் காப்பியத்தை யாராவது பாடியிருப்பார்களா?” என்று கேட்டாள். மணி அடித்தது. அந்தக் கேள்வி மாத்திரம் நம்மோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தள்ளப்பட்ட பெண்களுக்குக் காப்பியம் இல்லை; பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் நாலு வரி உண்டு.

பழையனூர் நீலியைப் பாருங்கள். திருவாலங்காட்டுப் பக்கத்துக் கதை. வணிகன் ஒருவன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக இடுப்பில் வைத்துக்கொண்டு, சபையில் அழுது, அவனைக் கணவனென்று சாதித்துப் பழி தீர்க்கிறாள். பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல்லுக்காகத் தீப்புகுந்தார்கள். இவ்வளவு பெரிய கதையிலிருந்து நம் பாஷை எடுத்து வைத்துக்கொண்டது எதை? ‘நீலிக் கண்ணீர்’ என்ற ஒரே தொடரை! அவள் அழுத பொய் அழுகை நமக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் முதலில் கொல்லப்பட்டவள் என்பது மறந்து போயிற்று. துப்பறியும் கதையை ரஸிக்கிறவர்கள் செய்வதெல்லாம், அந்த மறந்த முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படிப்பதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஆசிரியர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அவளுக்கு வேறு வழியே இல்லாதபடி எல்லாக் கதவுகளையும் முதலிலேயே சாத்திவிடுகிறார்கள். மலையுச்சியில் கதவு ஏது? செத்தவனிடம் ஒரு நல்ல குணங்கூட வைப்பதில்லை. அப்படிச் செய்தபின் இரங்குவது சுலபம். மட்டமான கதைகளில் இரக்கம் கிலோ கணக்கில் விற்பனையாகிறது.

இந்தச் சுலபத்துக்கு இடங்கொடாத கதையும் தமிழில் உண்டு. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ அது. பாட்டே இல்லாத படம். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட நாளை வைத்துப் பின்னப்பட்டது. ரேடியோ இஞ்சினியராக வரும் சிவாஜி கணேசன் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவர் மேலும் சந்தேகம் விழுந்து, கடைசியில் அவர் மனைவியே சுட்டவள் என்று தெரிகிறது. அவர் தேசத்தை ஜப்பானுக்குக் காட்டிக் கொடுத்தவர். பண்டரிபாயின் முகத்தில் வெற்றி இல்லை. நேசித்தவனை இழந்த துக்கமே இருக்கிறது. அங்கே செத்தவன் மேலும் நமக்கு இரக்கம் வருகிறது, கொன்றவள் மேலும் வருகிறது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வருவது சிரமம். நம் அபிப்பிராயத்தில் அந்தச் சிரமமே உயர்ந்த ரஸம்.

நியாயஸ்தலங்களுக்கும் இந்தச் சிரமம் வந்திருக்கிறது. கொலையைக் குறைந்த குற்றமாகக் கருதுவதற்குச் சட்டம், ஆத்திரமூட்டல் கடுமையாகவும் திடீரென்றும் இருக்க வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்லுகிறது. ‘திடீர்’ என்ற சொல் ஆண்பிள்ளைக் கோபத்தை அளந்து தைத்த சட்டை. பத்து வருஷம் அடிபட்டவளின் கோபம் திடீரென்று வருவதில்லை. அது அடுப்பில் வைத்த பால் போல மெல்ல மெல்லச் சூடேறுகிறது. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம், கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நீடித்த ஆத்திரமூட்டலையும் கணக்கில் கொள்ளலாம் என்று கண்டது. அந்த மனநிலைக்கு நீதிபதி வைத்த பெயர் நல்லதங்காளுடையது! ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட அர்ச்சுனாபுரத்து நல்லதங்காளுக்காகத் தலைமுறை தலைமுறையாய்க் கிராமங்கள் அழுத அழுகை, கடைசியில் சட்டப் புத்தகத்தின் ஓரத்திலும் ஒரு துளி சிந்திற்று. இங்கிலாந்திலும் பஞ்சாபிப் பெண் ஒருத்தி 1989-ல் கணவனைத் தீயிட்டுக் கொன்று ஆயுள் தண்டனை பெற்றாள். 1992-ல் மேல் முறையீட்டில் அத்தீர்ப்பு ரத்தாகி அவள் விடுதலையானாள். 2006-ல் ஐஸ்வர்யா ராய் அவளாக நடித்தார்.

சென்ற வருஷம் ஒரு மாணவியின் தகப்பனார், மகளிடம் கண்ட கொலை நாவல் ஒன்றைக் கொண்டுவந்து நம் மேஜை மேல் போட்டு, “இதைப் படித்தால் பெண் என்ன ஆவாள்?” என்று அதட்டினார். புத்தகம் படித்துக் கொலை கற்றவளை நாம் இதுவரை கண்டதில்லை என்றோம். புத்தகத்தை இரவல் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டோம்.

நம் தெருவில் பட்டுக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் ஒரு பெண் நம் இல்லாளிடம் நாவல் இரவல் வாங்கிப் போவாள். ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுக் குழந்தையைப் படிக்கச் சொல்லிக் கேட்பாளாம். திருப்பிக் கொடுக்கும்போது அவளுடைய விமரிசனம் ஒரே வரிதான்: “அவளைத் தூக்கிலே போடலை அக்கா, அதுவே போதும்.” ஒரு நாள் கன்னம் வீங்கியிருந்தது. தறிக் கட்டை இடித்துவிட்டது என்றாள். தறிக் கட்டை கன்னத்தில் ஐந்து விரல் பதிக்காது என்பது ஆரணிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கு எதிராக 2005-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. பெண்களுக்கு உதவ 181 என்ற டெலிபோன் எண் இருக்கிறது. கதாசிரியர்கள் சாத்திவிடும் கதவுகளில் சில வாழ்க்கையில் திறந்துதான் கிடக்கின்றன. இருட்டில் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் இல்லாள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாவலைக் கொடுக்கும்போது, அந்த எண்ணை எழுதிய துண்டுக் காகிதத்தைப் பக்க அடையாளமாக நடுவில் வைத்துக் கொடுத்தாள். “சந்தேகம் வந்தால் எந்த ராத்திரியானாலும் கதவைத் தட்டு” என்று மட்டும் சொன்னாள்.

எட்டு நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. காகிதம் அதில் இல்லை.