பிரியாணிக்கு முன்னால் ஒரு பூட்டு!

சம்பளம் வந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் போகிறீர்களா? முதலில் பூட்டுக் கடை, அப்புறம்தான் பிரியாணி. வரிசை மாறினால் கண் சொக்கிவிடும் சார், சீரகச் சம்பா அப்படி!

கடையில், கையால் அடித்து அரத்தால் ராவிய மாங்காய்ப் பூட்டு என்று கேட்டு வாங்குங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால், பக்கத்திலேயே அலிகார் மெஷின் பூட்டு மலிவு விலையில் பல்லிளிக்கும். அந்த மலிவில்தான் இங்கே பல பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

வீட்டம்மாவுக்குச் சின்னாளபட்டி சுங்குடி. வாண்டுகளுக்குச் சிறுமலை வாழைப்பழம். உங்களுக்கு? அந்த மாங்காய்ப் பூட்டுதான். பேரன் காலம்வரை உழைக்கும். சாவியை மட்டும் தொலைச்சிடாதீங்க... ராவித் தர்ற கை இப்போ ரொம்பக் கம்மி!