கால் அங்குலப் பின்னும் 127 பல் சக்கரமும்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். தச்சு வேலை, லேத்து வேலை செய்பவர்கள் முழுதாகப் படியுங்கள். மற்றவர்கள் கடைசிப் பகுதியையாவது படியுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

என் தம்பி மகன் திருவள்ளூரில் சின்னதாக மரப்பட்டறை வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருடம் அம்பத்தூரில் ஒரு பட்டறையைக் காலி செய்தபோது ரூட்டர் மேஜை ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தான். ரூட்டர் என்பது மரத்தின் ஓரத்தை உருட்டவும், காடி எடுக்கவும் உதவும் மெஷின். கையில் பிடித்தும் ஓட்டலாம், மேஜைக்கு அடியில் தலைகீழாக மாட்டியும் ஓட்டலாம். மேஜையில் மாட்டினால் பிட்டு மட்டும் தகட்டின் ஓட்டை வழியாக மேலே எட்டிப் பார்க்கும். நாம் மரத்தை நகர்த்த வேண்டும்.

வாங்கி வந்த மேஜையில் எல்லாம் இருந்தது, ஒரு சின்னப் பின்னைத் தவிர. பிட்டுக்குப் பக்கத்தில் தகட்டில் ஒரு மரை போட்ட ஓட்டை இருக்கும். அதில் திருகி நிறுத்தும் ஒரு குட்டைக் கம்பி அது. கைமாறியபோது எங்கோ தொலைந்திருக்கிறது.

"அது சும்மா ஒரு பின்னு பெரியப்பா, அது இல்லாமலே ஓட்டிக்கலாம்" என்றான் தம்பி மகன்.

நேரான பலகைக்கு அவன் சொன்னது சரி. பின்னால் வேலி மாதிரி ஒரு தடுப்புக் கட்டை இருக்கும், மரத்தை அதில் அணைத்துத் தள்ளலாம். நாற்காலி முதுகுப் பலகை மாதிரி வளைந்த துண்டுக்கு அந்தத் தடுப்பு உதவாது. பிட்டின் தலையில் உள்ள பேரிங்கில் மரம் சாய்ந்து நகர வேண்டும். ஆபத்து, மரம் பிட்டைத் தொடும் அந்த முதல் நொடியில்தான். அப்போது மரம் இன்னும் பேரிங்கில் சாய்ந்திருக்காது. பிட்டின் பல் மரத்தைக் கவ்வி இழுக்கும். பின் இருந்தால் மரத்தை முதலில் அதில் சாய்த்துக்கொண்டு, நெம்புகோல் மாதிரி மெதுவாகப் பிட்டுக்குள் திருப்பலாம். நெம்புகோலுக்கு ஆதாரப்புள்ளி எதுவோ, அதுதான் இந்தப் பின்.

கணக்கு வாத்தியார் என்பதால் ஒரு கணக்கு. அரை அங்குலப் பிட்டின் சுற்றளவு கிட்டத்தட்ட 40 மி.மீ. நிமிடத்துக்கு 24,000 சுற்று என்றால் நொடிக்கு 400 சுற்று. பல்லின் வேகம் நொடிக்கு 16 மீட்டர், அதாவது மணிக்கு 57 கி.மீ. இரண்டு அங்குலப் பிட்டை அதே சுற்றில் ஓட்டினால் மணிக்கு 230 கி.மீ. பெரிய பிட்டுக்குச் சுற்றைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். அந்த வேகத்துக்கு முன்னால் விரலுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

ஒருநாள் அவன் பட்டறையில் வேலை பழகும் பையன் வளைந்த துண்டு ஒன்றைக் கொடுத்தபோது, அது கையை விட்டுப் பறந்து சுவரில் அடித்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்த பிறகு, பின் வரும்வரை வளைவு வேலைக்கு மேஜையைத் தொடக்கூடாது என்று தம்பி மகனிடம் சொல்லிவிட்டேன். அவனும் ஒப்புக்கொண்டான்.

பின் தனியாக விலைக்குக் கிடைக்கவில்லை. தகட்டோடு முழு செட்டாக வாங்கச் சொன்னார்கள். ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. போல்ட்டைத் திருகிப் பார்த்தார்கள். இரண்டு சுற்று லூசாகப் போய், பிறகு இறுகி நின்றது. "ஸ்பானர் போட்டு முறுக்குங்க, போயிடும்" என்றார் கடைக்காரர். போகும்தான். இரும்பு போல்ட் அலுமினியத் தகட்டின் மரையையும் கூடவே கொண்டுபோய்விடும்.

லூசாக நுழைந்து பிறகு இறுகுகிறது என்றால் மரையின் இடைவெளி ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். உள்மரையை எப்படி அளப்பது? ஐஸ் குச்சி ஒன்றை மெல்லியதாக நறுக்கி, ஓட்டைக்குள் விட்டு, ஒரு பக்கமாக நன்றாக அழுத்தி எடுத்தேன். குச்சியின் ஓரத்தில் மரைத்தடம் வரிசையாக விழுந்திருந்தது. வெர்னியரில் ஐந்து இடைவெளிகளை அளந்தால் 6.35 மி.மீ. சுமார். 6 மி.மீ. போல்ட்டின் மரைக்கு இடைவெளி 1 மி.மீ., ஐந்துக்கு 5 மி.மீ.தான் வர வேண்டும். 8 மி.மீ. போல்ட்டின் மரை 1.25, அது நெருக்கம்தான், ஆனால் அந்தப் போல்ட் இந்த ஓட்டையில் நுழையவே நுழையாது. ஆக, இது கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. நம் ஆசாரிமார் கணக்கில் இரண்டு நூல்.

இந்த அங்குல, மில்லிமீட்டர் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைக்கு ஒரு பொது அளவு சொன்னார், கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் 60 டிகிரி என்றார். 1904-ல் பால்டிமோர் நகரம் தீப்பிடித்தபோது பக்கத்து ஊர்களிலிருந்து வந்த தீயணைப்பு வண்டிகளின் குழாய்கள் அந்த ஊர்க் குழாய்வாயில் பொருந்தவில்லை. நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-ல் வந்தது, 1957-ல் நயா பைசா வந்தது. ஆனாலும் மரக்கடையில் இன்றும் அங்குலமும் நூலும்தான் பேசுகிறோம்.

ரூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதே விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டு நுழைந்துவிடும். 0.35 மி.மீ.தான் வித்தியாசம். இறுக்கியது மாதிரி தோன்றும், ஓடும்போது வழுக்கி வெளியே வரும். ஒருபோதும் போடாதீர்கள்.

அளவு தெரிந்துவிட்டது, செய்வதற்கு ஆள் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். (பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய வகுப்புக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.) திருவள்ளூர் அரக்கோணம் மார்க்கம், கும்மிடிப்பூண்டி கூடூர் மார்க்கம். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போனால் சென்னைக்குப் போய் மாற வேண்டும். அதனால் பைக்கில் பெரியபாளையம் வழியாகப் போய்க் கல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தோம்.

அவர் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல வேலை சார்" என்றார். தகட்டையும் பார்த்துவிட்டு, அமெரிக்க மரை, 60 டிகிரி என்றார்.

தம்பி மகன், "டை போட்டு மரை எடுத்தா அஞ்சு நிமிஷ வேலைதானே அண்ணா?" என்று கேட்டான்.

"டை கொஞ்சம் கோணிட்டாலும் பின் சாஞ்சு நிக்கும் தம்பி. மரம் சாயற இடம் நேரா இருக்கணும். லேத்துலயே எடுக்கலாம்."

இரும்பும் வேண்டாம், பித்தளை போடலாம் என்றார். தவறிப்போய் பிட்டு பின்னில் பட்டால் இரும்பு கார்பைடு பல்லை உடைத்துவிடும், பித்தளை தான் தேய்ந்து பல்லைக் காப்பாற்றும் என்பது அவர் காரணம்.

அவருடைய லேத்து மில்லிமீட்டர் லேத்து. அதில் அங்குல மரை எடுக்கப் பல்சக்கரம் மாற்ற வேண்டும். அலமாரியிலிருந்து ஒரு பெரிய சக்கரத்தை எடுத்துத் துடைத்தபடி கேட்டார்.

"சார், இதுல எத்தனை பல்லுன்னு சொல்லுங்க பாப்போம்."

"நீயே சொல்லுப்பா."

"127 சார். ஒரு அங்குலம் 25.4 மில்லி. அஞ்சு அங்குலம் 127 மில்லி. 127 பகா எண், எதாலயும் வகுபடாது. அதனால சின்ன சக்கரத்தை வெச்சு ஏமாத்த முடியாது, இதே பல்லுதான் வேணும். பகா எண் எதுக்கு உதவும்னு எட்டாவதுல உங்களைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பதில் இப்போது என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடம் பகா எண் நடத்தியிருக்கிறேன், இரும்பில் வெட்டிய ஒரு பகா எண்ணை அன்றுதான் கையில் தொட்டேன்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு பின்கள் தயார். கீழே கால் அங்குல மரை, மேலே மூன்று நூல் கனத்தில் வழுவழுப்பான தண்டு. தகட்டில் விரலாலேயே திருகினோம், கடைசிச் சுற்றுவரை சுகமாகப் போனது. "ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. மேஜைக் காலிலேயே டப்பால போட்டுக் கட்டி வெச்சிடு தம்பி" என்றார்.

எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் "முன்னூறு ரூபாய் சார்" என்றார். கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கு அதில்தான் பெரிய சந்தோஷம். சாருக்கு இலவசம் என்று அவர் சொல்லியிருந்தால், அடுத்த முறை அங்கே போக எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ஒரே ஒரு பின்னுக்காக ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, சக்கரம் மாற்றி, மறுபடி பழையபடி மாட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு விலை உண்டு. தன் வேலையின் விலை தெரிந்தவர் அதை ஒழுங்காகவும் செய்வார்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. இவர் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ.-யில் டர்னர் படித்தபோது, "மார்க் வராததால் அங்கே தள்ளிவிட்டார்கள்" என்று ஊரில் பேசினார்கள். இன்று அவரிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு வராத பையன் என்று சொல்லப்பட்டவர், 25.4-ஐயும் 127-ஐயும் தினமும் கையாள்கிறார். நம் வீட்டுப் பிள்ளை ஐ.டி.ஐ. போகிறேன் என்றால் முகம் சுளிக்காதீர்கள். என்ன டிரேடு, எந்த ஐ.டி.ஐ., அங்கே மெஷின் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

பட்டறைக்காரர்களுக்கு மூன்று விஷயம். தொலைந்த பாகத்தைச் சும்மா ஒரு பின் என்று ஒதுக்காமல், அது எதற்காக வைக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். இறுகுகிற போல்ட்டை முறுக்காதீர்கள், அளந்து பாருங்கள். ஒன்று செய்யச் சொல்லும்போது இரண்டாகச் செய்து வையுங்கள்.

வேலை பழகும் அந்தப் பையன் இப்போது வளைந்த பலகையை முதலில் பின்னில் சாய்த்து, பிறகுதான் பிட்டுக்குத் திருப்புகிறான். பத்து விரலும் பத்திரமாக இருக்கட்டும். எல்லோரும் நலமாக இருங்கள்.