கணக்கும் கவிதையும்

இளங்கலைப் படிப்பு நிறைவுறும் பருவத்தில் மாணவர் உள்ளங்களில் எழும் முதல் வினா, 'அடுத்து என்ன?' என்பதே. தமிழ் பயின்றோர் முதுகலைத் தமிழையோ ஆசிரியப் பயிற்சியையோ நாடிய காலம் ஒன்றிருந்தது. இன்று எம்.பி.ஏ. எனப்படும் வணிக மேலாண்மைப் பட்டத்தை நாடுவோரும் நம் துறையில் உள்ளனர். எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் உரிய மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் இருப்பின் அதில் சேரலாம். கதவு திறந்தே இருக்கிறது. தயங்கி நிற்பவை கால்களே. "ஐயா, எனக்குக் கணக்கும் தெரியாது, ஆங்கிலமும் வராது. தமிழ் படித்தவன் அங்கே போய் என்ன செய்வேன்?" என ஆண்டுதோறும் ஒருவரேனும் என்னிடம் கேட்காமல் இருப்பதில்லை. அவர்களுக்கு நான் கூறிவரும் மறுமொழியே இக்கட்டுரை.

வாணிகம் பல்கலைக்கழகப் பாடமானது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908இல் தோன்றியது. நம் நாட்டில் 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பெற்றன. திருச்சிராப்பள்ளிக்கு அத்தகைய கழகம் 2011இல் வந்தது. ஆனால் வாணிகமோ மிகத் தொன்மையானது. இத்தாலியைச் சேர்ந்த லூகா பசியோலி என்னும் துறவி, 1494இல் வெனிசு நகரில் அச்சேறிய தம் நூலில் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்கினார். அம்முறை அவருடைய கண்டுபிடிப்பன்று. வெனிசு வணிகர் நெடுநாளாகக் கையாண்டு வந்ததையே அவர் முறைப்படுத்தி எழுதினார். கடை முந்தியது, நூல் பிந்தியது.

இதனை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே வீட்டில் கண்டிருக்கிறேன். என் தந்தையார் சிறியதொரு ஜவுளிக்கடை நடத்தியவர். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். இரவில் கடையடைத்த பின், அன்றைய வரவு செலவைப் பேரேட்டில் ஏற்றாமல் உணவுக்கு அமரமாட்டார். "விற்றது வேறு, வந்தது வேறு" என்பது அத்தா அடிக்கடி கூறும் சொல். 80,000 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த துணியை 1,00,000 ரூபாய்க்கு விற்றால், மற்றச் செலவுகள் நீங்கலாக, ஏட்டில் 20,000 ரூபாய் லாபம் தெரியும். விற்றதெல்லாம் கடனாயின் கல்லாப்பெட்டியில் ஒரு காசும் இராது. கொள்முதல் செய்த இடத்துக்குத் தவணை நெருங்கும். கடைப் பையனுக்குச் சம்பள நாளும் வந்துவிடும். லாபம் காட்டும் தொழிலும் ஏன் முறிகிறது என்பதற்கு விடை இங்குள்ளது. மேலாண்மை வகுப்பில் இதனைப் பணப்பாய்வு என்றும் நடைமுறை மூலதனம் என்றும் கூறுவர். பெயர் புதிது; பொருள் கடைத்தெரு அறிந்ததே.

ஆகவே, மாணவச் செல்வங்களே, வகுப்பு தொடங்குமுன் கிடைக்கும் விடுமுறையை வீணாக்காதீர். மேனிலை வகுப்புகளுக்குரிய கணக்குப்பதிவியல் பாடநூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. பற்று, வரவு, தேய்மானம், இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றை முதலில் தாய்மொழியில் தெளிவுறக் கற்றுக்கொள்ளுங்கள். பின்பு அவற்றின் ஆங்கிலப் பெயர்களை அறிந்துகொள்ளுங்கள். சதவிகிதத்தையும் சராசரியையும் மீண்டும் போட்டுப் பாருங்கள். பொருள் விளங்கியபின் பெயரைக் கற்பது எளிது. பெயரை மட்டும் நெட்டுருச் செய்தவர் முதல் பருவத்திலேயே இடறுவர். ஆங்கிலத்துக்கும் இதுவே வழி. நாளொன்றுக்கு ஒரு வணிகச் செய்தியை வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியும் ஆங்கிலத்தில் ஐந்து வரியும் எழுதிப் பழகுங்கள். எழுதியதை உரக்கப் படியுங்கள். நாத்தயக்கம் தானே நீங்கும்.

இனித் தமிழ் மாணவருக்கென்றே உள்ள ஒரு வலிமையைக் கூறுவேன். மேலாண்மை வகுப்பில் ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கதைபோல் எழுதிக் கொடுத்து, 'நீ அங்கிருந்தால் என்ன முடிவெடுப்பாய்?' என்று கேட்பர். விற்பனை மேலாளர் உற்பத்திப் பிரிவைக் குறை கூறுவார்; உற்பத்தி மேலாளர் கொள்முதலைச் சாடுவார்; உண்மை இடையில் எங்கோ இருக்கும். அகப்பாடலைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்பது யாது? இது யார் கூற்று? கேட்போர் யார்? எச்சூழலில் கூறியது? கூறாமல் விட்டது எது? தலைவியின் சொல்லுக்கும் தோழியின் சொல்லுக்கும் வேறுபாடு காணப் பழகியவனுக்கு, இரு மேலாளர்தம் சொற்களை எடைபோடுவது அரிதன்று. மூன்றாண்டுகள் நீங்கள் பெற்ற பயிற்சி இது. இதனை வகுப்பறை வாயிலில் இறக்கி வைத்துவிட்டுச் செல்லாதீர்.

சேருமுன் கேட்க வேண்டியவை சில உள. கல்லூரிக்கு ஒப்புதல் உண்டா? பாடம் நடத்துவோர் யாவர்? சென்ற ஆண்டு பயின்றோர் எங்கே பணிபுரிகின்றனர்? விளம்பரத்தை நம்பாமல் அம்மாணவரையே கண்டு கேளுங்கள். கல்விக் கடனாயின், படிக்கும் காலத்துக்கும் வட்டி கணக்கிடப்படுவதுண்டு என்பதை அறிந்து கொள்ளுங்கள். வட்டிக்கு மனம் ஒப்பாத குடும்பத்தினர், உதவித்தொகைக்கும் அறக்கட்டளை உதவிக்கும் முன்கூட்டியே முயல வேண்டும். நிதி, சந்தையியல், மனிதவளம் என்னும் சிறப்புப் பிரிவுகளுள் எதனைக் கொள்வது என்பதைத் தோழன் முடிவு செய்ய விடாதீர். இரண்டு ஆண்டுகளுக்கு இடையே வரும் நிறுவனப் பயிற்சியைச் சான்றிதழுக்காகக் கழிக்காமல், கண்ணும் காதும் திறந்து பணியாற்றினால் விடை தானே புலப்படும்.

இறுதியாக ஒன்று. 2001இல் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் கணக்கு மோசடியால் சரிந்து, பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவ்வாண்டில் சில மாதங்கள் அதன் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்றவர். 2006இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பெற்றார். பட்டம் அறிவுக்குச் சான்றாகலாம், நாணயத்துக்குச் சான்றாகாது. பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுவது அவர்தம் செல்வத்திற்காக மட்டுமன்று, அளவிலும் விலையிலும் அவர்கள் காத்த நேர்மைக்காகவும்தான். வணிகர் பலரைப் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். பேரேட்டை எவரிடமும் மறைக்க வேண்டாதபடி தொழில் நடத்துவோராய் வளருங்கள். அதுவே கற்பித்தோர்க்கும் பெற்றோர்க்கும் நீங்கள் அளிக்கும் கைம்மாறு.