கடியை மறைத்தவன்

‘தி வோக்கிங் டெட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2010இல் தொடங்கியது. கிருமி தொற்றிப் பிணங்கள் எழுந்து நடக்கும் கதை. முதல் பருவத்தில் ஜிம் என்றொருவனைப் பிணம் கடித்துவிடும். அவன் வாயே திறக்கமாட்டான். சட்டையில் இரத்தத்தை இன்னொருத்தி கண்டபிறகுதான் விஷயம் வெளியே வரும்.

“புத்தியுள்ள எவனும் இப்படிச் செய்வானா? எழுதியவனுக்குக் கதை நகர வேண்டும், அவ்வளவுதான்.” கற்பிட்டியில் எங்கள் மீன் வாடியில் பொடியன்மாரிடம் இப்படிப் பேசியவன் நான். 1965இல் வந்த ‘லொஸ்ட் இன் ஸ்பேஸ்’ தொடரையும் விடவில்லை. டாக்டர் ஸ்மித் திரும்பத் திரும்பத் துரோகம் செய்வார், ரொபின்சன் குடும்பம் திரும்பத் திரும்ப அவரைச் சேர்த்துக்கொள்ளும். அறிவியல் கதைகளுக்கு விளக்கம் சொல்பவன் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் சிலர் கொரோனாத் தனிமைப்படுத்தலுக்குத் தப்பி ஒளிந்தார்கள் என்று எங்கள் புத்தளம் மாவட்டத்தில் ஊரடங்கு போட்டார்கள். அவர்களை ஊர் கேட்க ஏசினேன்.

அந்த வருடம் ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவி, சந்தையை மூடினார்கள். எங்கள் மீன் போவது அங்கேதான். மூடுவதற்குச் சற்று முன்னர்தான் லொறியோடு போய் வந்திருந்தேன். உடம்பு காய்ந்தது. பனடோல் போட்டுக்கொண்டு வாடிக்கு வந்தேன். பாயில் பாறைக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தேன். வாசம் இல்லை. பிளந்த வயிற்றுப் பக்கத்தைத் திருப்பி வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவாட்டைப் பாயில் போட்டுவிட்டுத் தராசடிக்குப் போனேன். எதிரே நின்று நிறுவைக்குக் கை கொடுத்த பொடியன், “என்ன நானா, முகம் வாடியிருக்கு?” என்று கேட்டான். வெயில் என்றேன்.

பிறகு கேட்டவர்களிடமெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். அந்த வருடம் ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நோயைச் சொன்னால் உம்மாவையும் பரிசோதிப்பார்கள், அவருக்கு ஏதும் ஆனால் ஜனாஸா நல்லடக்கம் கிடைக்காது. இது பொய்யல்ல. எங்கள் கரையில் பலரை இந்தப் பயம் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வைத்திருந்தது. ஆனால் தராசடியில் நின்றபோது உம்மாவின் நினைவு எனக்கு வரவில்லை. வாடிக்குப் பூட்டு விழும், படகுகளுக்குக் கொடுத்த கடன் திரும்பாது என்ற கணக்குத்தான் ஓடியது. மார்ச்சில் நான் ஏசிய ஏச்சு என் வாசலுக்கே வரும் என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உம்மாவின் பேரை இழுத்தது பிறகுதான்.

அந்தப் பொடியனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனிடமிருந்து அவன் வாப்பாவுக்கு. அவர் ஆஸ்பத்திரியில் மௌத்தானார். எரித்தார்கள். குளிப்பாட்டவில்லை, கஃபனிடவில்லை. நல்லடக்கத்துக்கு அனுமதி வந்தது 2021 பெப்ரவரி கடைசியில். அதற்குள் அவர் சாம்பலாகியிருந்தார். தொற்று என்னிடமிருந்துதான் போனது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தின் பின்னால் பல வருடம் ஒளிந்திருந்தேன்.

ஜிம்மை இப்போது நம்புகிறேன். அவனுடைய மௌனத்தில் பயம் இருக்கிறது, அதை எழுதியவர்கள் காட்டவும் செய்தார்கள். ரொபின்சன் குடும்பத்தை இன்றும் நம்ப முடியவில்லை. எதை இழக்கப் பயந்து ஸ்மித்தை அவர்கள் வைத்திருந்தார்கள் என்று அந்தத் தொடர் காட்டவே இல்லை. அறிவுகெட்ட காரியத்தை எந்த மனிதனும் செய்வான். எந்தப் பயத்தில் செய்தான் என்று எனக்குத் தெரிந்தால் போதும். ஆனால் ஜிம்மை நம்புவதால் என் மௌனத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிடாது.

அந்தப் பொடியனின் வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் கூலியை நான் கொடுத்தேன். பொடியன் அழுதுகொண்டு நன்றி சொன்னான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவன் வீட்டுக்குப் போய் என் வாயால் சொல்ல வேண்டும். அதன்பிறகு அவன் என்னை நானா என்று கூப்பிடுவதும் விடுவதும் அவன் இஷ்டம்.