அடியும் வாயும்

எங்கள் ஊர்ப் பக்கம் மழை மில்லிமீட்டரில் பெய்கிறது. மேக்கரையில் அடவிநயினார் அணைக்குள் விழுந்ததும் அதுவே அடியாகிவிடுகிறது. மதகைத் தாண்டி வெளியே வரும்போது கன அடி. 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்தும், தினசரிகளின் அணை நிலவரத்தில் இந்த ஆள்மாறாட்டம் நின்றபாடில்லை.

அப்பாவுக்குக் கண் மங்கிய பிறகு காலையில் அதை வாசித்துச் சொல்வது என் வேலை. வாசித்ததோடு விடமாட்டேன், கணக்குத் தெரியும் என்ற கர்வம். ஒரு கன அடி 28.317 லிட்டர். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 24.5 லட்சம் லிட்டர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா, 'எத்தன வயலுக்குக் காணும்லே?' என்பார். ஒரு ஏக்கரில் ஏறக்குறைய இரண்டடி உயரத்துக்கு நிற்கும் என்பேன். அது அவருக்குப் பிடிபடும். கோட்டை என்றால் நெல்லுக்கும் அளவு, அவ்வளவு விதை கொள்ளும் நிலத்துக்கும் அளவு என்று வளர்ந்தவர்.

அளவுகள்மீது அவருக்குப் பழைய சந்தேகம் உண்டு. அவர் சிறு வயதில் பார்த்த ஒரு பண்ணை வீட்டில் குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால். பெயர் ஒன்றுதான். கேலன் இங்கிலாந்தில் 4.546 லிட்டர், அமெரிக்காவில் 3.785 என்று ஒருநாள் சொன்னேன். 'அங்கயும் ரெண்டு மரக்காலா?' என்று சிரித்தார். லிட்டர் யார் வீட்டு மரக்காலும் இல்லை. அதனாலேயே எனக்கு அதன்மேல் மரியாதை. அந்த மரியாதையில்தான் பிசகினேன்.

ஒரு ஐப்பசியில் அணையில் 66 அடி. நிறையக் கொண்டால் 132. 'பாதி இருக்கு' என்றேன். என் வார்த்தையை நம்பி முழு வயலிலும் பிசானம் நட்டார். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் கால்வாய் வறண்டது.

அப்பா கோபிக்கவில்லை. வரப்பில் நின்று, 'மரக்காலுக்கு அடியும் வாயும் ஒண்ணுலே. மல அப்படியா இருக்கும்?' என்றார்.

பள்ளத்தாக்கு கீழே குறுகி மேலே விரிவது. மேல்மட்டத்து ஓரடியில் நிற்கும் தண்ணீர் அடிமட்டத்து ஓரடியில் நிற்காது. உயரத்தில் பாதி என்றால் தண்ணீர் பாதிக்கு வெகு கீழே. இது பொறியாளர் எவருக்கும் பாலபாடம். பண்பொழியில் பிறந்து தினமும் அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான். எண் என் கண்ணை மறைத்துவிட்டது.

28.317-ல் பிழையில்லை. எதை எதனால் பெருக்கினேன் என்பதில்தான் பிழை. நாம் எழுதும் விமர்சனங்களிலும் இது நடக்கிறது என்று படுகிறது: உயரத்தை அளந்துவிட்டுக் கொள்ளளவு என்கிறோம்.

இப்போதும் காலையில் வாசிக்கிறேன். அடியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அப்பா மலைப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகுதான் எத்தனை வயல் என்று முடிவு செய்கிறார்.