பேத்தைகளுக்கு உப்பு

ஜூன் 7
பச்சைப் புள்ளிப் பேத்தைகள் இரண்டும் இனி நன்னீரில் நெடுநாள் தாங்காது. வெள்ளை வயிறு சாம்பல் பூத்துவிட்டது. கண்ணாடியோரம் மேலும் கீழுமாக அலைகின்றன. கடைகளில் இவற்றை நன்னீர் மீன் என்றே விற்கிறார்கள். இலங்கையிலிருந்து இந்தோனேசியா வரை கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்கிற இனம் இது. குஞ்சுப் பருவத்தில் ஆற்றுநீரைத் தாங்கும்; வளர வளர உப்பு வேண்டும். என் 100 லிட்டர் தொட்டியை, மீன்கள் உள்ளே இருக்கும்போதே, உவர்நீராக மாற்றப் போகிறேன்.

ஜூன் 8
சமையல் உப்பு இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். கடல்நீரில் உள்ள மக்னீசியம், கால்சியம், காரத்தன்மையை நிலைநிறுத்தும் பைகார்பனேட் எல்லாம் சேர்ந்த கடல்மீன் தொட்டி உப்புதான் வேண்டும்.

நன்னீரின் ஒப்படர்த்தி 1.000, கடல்நீர் ஏறக்குறைய 1.025. நான் போய்ச் சேர வேண்டிய இடம் 1.008. வாரத்துக்கு 0.002 என்று ஏற்றுவதாகத் திட்டம். அதற்கு லிட்டருக்குச் சுமார் 3 கிராம். தொட்டியிலிருந்து 20 லிட்டரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய 20 லிட்டர் நீரில் 300 கிராம் உப்பை வாளியிலேயே கரைத்தேன். ஏர் பம்ப் போட்டு நன்றாகக் கலந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக மாலைவரை ஊற்றினேன். உப்பை நேராகத் தொட்டிக்குள் கொட்டினால் கரையாத பரல் மீனின் செவுளிலும் தோலிலும் பட்டுப் புண்ணாக்கும்.

ஜூன் 15
இன்று 360 கிராம். வெளியே எடுத்த நீரோடு போன 60 கிராமையும் ஈடுகட்ட வேண்டும். இந்தக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பக்கத்தில் நின்று பார்த்த அக்கா மகள் கேட்டாள்: "மாமா, கடல் தண்ணி ஏறுனா கழிமுகத்துல ஒரே நாள்ல உப்பாயிடுமே. இந்த மீனுக்கு மட்டும் ஏன் இத்தனை வாரம்?"

சரியான கேள்வி. அடையாற்று முகத்துவாரத்தில் ஓதம் ஏறி இறங்குகிற சில மணி நேரத்துக்குள் உப்பு மாறிவிடும். கழிமுக மீன் அதற்குப் பழகியது. நன்னீரில் இருக்கும்போது அதன் செவுள் உப்பை உள்ளே இழுக்கும், சிறுநீரகம் மிகுதியான நீரை வெளியேற்றும். கடலில் இது தலைகீழ்: மீன் நீரைக் குடிக்கும், செவுள் உப்பைத் தள்ளும். விலாங்கின் செவுளில் உப்பைத் தள்ளும் செல்களை ஆன்செல் கீஸும் வில்மரும் 1932-இல் விவரித்தார்கள். மீனின் இரத்தம் கடல்நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்புடையது. 1.008 அளவு நீர் அதற்கு நெருக்கமானது என்பதால் உடலுக்கு உழைப்பு குறைவு.

நிதானம் முக்கியமாக ஃபில்டருக்குத் தேவை. மீன் கழிக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதன் பஞ்சில் குடியிருக்கின்றன. அவை ஓதம் பார்த்தவை அல்ல. ஒரேயடியாக உப்பேற்றினால் அவை முடங்கும். மீன் தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகும். மீனை எடுத்துவிட்டு மாற்றுவதிலும் பயனில்லை. கழிவு வராவிட்டால் பாக்டீரியா பட்டினி.

ஜூன் 22
1.006. ஹார்ன்வர்ட் கொழகொழவென்று உதிர்ந்தது, மொத்தமாக எடுத்துவிட்டேன். ஜாவா ஃபெர்ன் இன்னும் பச்சையாக இருக்கிறது.

ஜூன் 25
அம்மோனியா 0.25 காட்டுகிறது. அளவு சிறிதுதான். ஆனால் உப்போடு பிஎச் 8-ஐத் தாண்டியிருக்கிறது. காரம் ஏறினால் அதே அம்மோனியா பன்மடங்கு நஞ்சாகும். தீனியைப் பாதியாக்கினேன். இதே உப்புள்ள நீரால் கால்பங்கு மாற்றினேன். அம்மோனியா பூச்சியம் ஆகும்வரை 1.006-ஐத் தாண்டப் போவதில்லை.

சென்னை வெயிலில் தொட்டிநீர் 30 டிகிரி. சூடும் உப்பும் கூடும்போது நீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். இன்னொரு காற்றுக்கல் போட்டேன். 25 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர் இந்தச் சூட்டில் சற்றுக் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் வைக்கிறேன்.

ஜூலை 6
அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியம். ஆவியான நீருக்கு வெறும் நன்னீர்தான் ஊற்றுகிறேன். ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். இன்று மீண்டும் ஏற்றம்.

ஜூலை 20
1.008 நிலைத்துவிட்டது. பேத்தைகளின் வயிறு பளீரென்று வெளுத்திருக்கிறது. காசிமேட்டு மட்டியை ஓட்டோடு போட்டேன், கடித்து நொறுக்குகின்றன. பல் ஓயாமல் வளரும் மீனுக்கு ஓடு கட்டாயம்.

மீன் விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேத்தை இருக்கும் தொட்டியில் 'உவர்நீர் மீன்' என்று எழுதி ஒட்டுங்கள். வாங்குபவர்களுக்கும் ஒன்று: உப்புக்கும் ஹைட்ரோமீட்டருக்கும் அம்மோனியா சோதனைக்கும் பணம் ஒதுக்கிய பிறகு இந்த மீனை வாங்குங்கள்.