பழி சுமந்த கழுகு

வன்னிக் குளக்கட்டுகளில் முற்பகல் வேளையில் நடப்போர், வானத்திலிருந்து நீண்ட சீழ்க்கையொலி இறங்கி வருவதைக் கேட்டிருப்பர். அண்ணாந்து நோக்கினால், அகன்ற சிறகுகளை அசைக்காது வட்டமிடும் பறவையொன்று தெரியும். சிறகின் அடியிலும் வாலிலும் வெண்பட்டை ஓடும். அதுவே கொண்டைப் பாம்புக் கழுகு. கிராமத்தவர் பலருக்கோ அது வெறும் ‘பிராந்து’. கோழிக்குஞ்சு திருடும் கள்வன். அப்பழியை நம்பிச் சிறுவயதில் நாம் செய்த பிழையொன்றை இங்கே கூறுதல் தகும்.

பள்ளி விடுமுறைக்கு அம்மான் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அடைக்கோழி பொரித்த குஞ்சுகள் நாளுக்கொன்றாகக் குறைந்து வந்தன. ஒருநாட் காலை, வேலிக்கு அப்பால் நின்ற மருதமரத்தில் அக்கழுகைக் கண்ட நாமே, “அம்மான், குஞ்சு தூக்கிற பிராந்து அந்தா இருக்குது!” என்று கூவினோம். அவர் துவக்கோடு ஓடிவந்தார். ஒரே வெடி, பறவை வீழ்ந்தது.

ஓடிச்சென்று பார்த்தோம். அலகிலே குஞ்சு இல்லை. பாம்பின் வாலொன்று தொங்கியது. அம்மான் அதனை மெல்ல இழுத்தார். தலைப்புறமாக விழுங்கப்பட்டிருந்த புடையன் குட்டி வெளியே வந்தது. நாம் நாள்தோறும் வெறுங்காலுடன் குளிக்கச் சென்ற வழி அது. எவரும் பேசவில்லை.

பின்னாளில் நூல்களைப் படித்தும் நேரிற் கண்டும் இப்பறவையின் இயல்பை அறிந்தோம். அது மரக்கிளையில் நெடுநேரம் அசையாது காத்திருக்கும். கீழே பாம்பு ஊர்ந்ததும் ஓசையின்றி இறங்கிக் கால்களாற் பற்றும். அக்கால்களில் இறகு இல்லை. தடித்த செதில்களே உள்ளன. விரல்கள் குறுகியவை, வலியவை. நச்சுப்பல்லுக்கு அது அஞ்சாமல் இருப்பது மந்திரத்தால் அன்று. செதிலும் அடர்ந்த இறகும் விரைவுமே அதன் கவசம். சினங்கொண்டால் பிடரிக்கொண்டை விசிறிபோல் விரியும். ஓணான், தவளை, நண்டு, எலி ஆகியனவும் அதற்கு இரையாகும். கோழிக்குஞ்சை நாடுவது மிக அரிது.

நீர்நிலையை அடுத்த உயர்ந்த மரத்திற் சுள்ளிகளால் கூடு கட்டிப் பச்சிலை பரப்பும். பெரும்பாலும் ஒரு முட்டையே இடும். பேடு ஒரு மாதத்திற்கு மேலாக அடைகாக்க, சேவல் இரை கொண்டுவரும்.

அந்த மருதமரத்தின் உச்சியிலும் ஒரு கூடு இருந்தது. வீழ்ந்தது சேவல், அதன் அலகில் இருந்தது பேட்டுக்குரிய உணவு. பேடு மூன்று நாள் கூவியது. நான்காம் நாள் கூடு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளிருந்த முட்டை குளிர்ந்து போயிருக்கும்.

குஞ்சுகளோ தொடர்ந்து குறைந்தன! சில நாட்களின் பின் விடியற்புறத்தில், கூட்டின் உடைந்த கீழ்ப்பலகை வழியே ஒரு கீரி வெளியேறுவதை மாமி கண்டார். அம்மான் பலகையை இறுக்கினார், களவு நின்றது. அதன்பின் ‘பிராந்து’ என்று எவர் கூவினாலும் அவர் துவக்கைத் தேடுவதில்லை. முதலில் கோழிக்கூட்டையே பார்ப்பார்.

மாணவர்களே, வெடி வைத்தது அம்மானின் கைதான். ஆனால், ஆராயாது சுட்டிக்காட்டியது நம் விரல் அன்றோ? வானிலே அச்சீழ்க்கையொலி கேட்கும்போதெல்லாம் அந்த விரலே நம் நினைவில் உறுத்துகின்றது.